நதியா நிறுத்திய பதினொரு ரோல்

வியாழக்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு முதலாளி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால், ஏசிக்கு நேர் கீழே, முதலாளி லிங்கசாமி. அவருக்கு எதிரே கிடந்த இரண்டு நாற்காலிகளில் இடப்பக்கத்து நாற்காலியில், லேப்டாப்பை முழங்காலில் வைத்துக்கொண்டு நதியா. வலப்பக்கத்து நாற்காலி காலி. அது கட்டிங் மாஸ்டர் சென்னியப்பனுக்காகப் போட்டது. சட்டையெல்லாம் பஞ்சாக இருக்கிறது என்று சொல்லி அவர் கதவோரத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சோபாவின் நுனியில் துணி ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் செல்வக்குமார், நீளமான பழைய ரிஜிஸ்டரோடு. ஜன்னலை ஒட்டிய சின்ன மேசையில் மயிலாளாகிய நான், குறிப்பு நோட்டோடு.

இந்தப் பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகக் கடிதம் எழுதுவது என் வேலை. சட்டை வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு இங்கிலீஷில், சாயப்பட்டறைகளுக்குத் தமிழில். கூட்டம் நடந்தால் குறிப்பு எடுப்பதும் நான்தான். அன்றைய குறிப்பு ஒன்றரைப் பக்கம் வந்தது. அந்த ஒன்றரைப் பக்கத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

கூட்டம் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் மதியம் கட்டிங் மேசை இரண்டேகால் மணி நேரம் சும்மா கிடந்தது. நேவி ப்ளூ துணி பதினொரு ரோல் ஸ்டோரிலிருந்து கட்டிங்குக்கு இறங்க வேண்டும். கம்ப்யூட்டர் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. பதினான்கு பேர் மிஷினை அணைத்துவிட்டு டீக்கடையில் போய் நின்றார்கள். அடுத்த புதன்கிழமை கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும். ரோல்களை நிறுத்தியது, கம்ப்யூட்டர் தரவுகளைப் பார்த்துக்கொள்ளும் நதியா அதில் எழுதி வைத்த சோதனை. நதியா வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறு மாதம் முடிந்தால்தான் நிரந்தரம்.

முதலாளி சுற்றி வளைக்கவில்லை.

"அம்மிணி, கண்டெய்னர் போகோணும். அந்தச் செக்க எடுத்துருங்க. எடுக்க முடியாதுன்னா அதையும் இப்பவே சொல்லீருங்க, நான் வேற ஆளப் பாத்துக்கறனுங்க."

குரலில் கோபமே இல்லை. அவர் சத்தம் போட்டால் அரை மணி நேரத்தில் ஆறிவிடும். இப்படி நிதானமாகச் சொன்னால் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். நதியாவின் அம்மா கருத்தம்மா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, வேறொரு கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையில் பதினான்கு வருடமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர். அந்த வீட்டிலிருந்து நாற்காலியில் உட்காரும் வேலைக்கு வந்த முதல் ஆள் இந்தப் பெண்.

நதியா பதில் சொன்னதை எழுதுவதற்கு முன்னால், அந்தச் சோதனை எதற்காக வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். முறையாகச் சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் அருமை தெரியாது.

சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு நாள், அச்செடுத்த பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "அக்கா, இந்த லாட் நம்பர் கட்டத்துல ரெண்டு கோடு ரெண்டு கோடா வருது. முன்னூத்திப் பன்னெண்டு இடத்துல இருக்கு. இது என்ன எழுத்து?" என்றாள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது மேற்படிக் குறி. செல்வக்குமார் பதினெட்டு வருடம் ரிஜிஸ்டர் எழுதிய கை. முதல் வரியில் லாட் நம்பரை முத்துப்போல எழுதுவார்; கீழே பத்து வரிக்கும் இரண்டு சின்னக் கோடு. மூன்று வருடத்துக்கு முன்னால் ரிஜிஸ்டரை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைக் கொடுத்தபோது, அதிலும் அதையே தட்டினார். யாரும் அவரிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டரும் சொல்லவில்லை.

லாட் என்பது ஒரே தடவையில் சாயத்தொட்டியில் முக்கி எடுத்த துணி. நேவி என்றால் எல்லாம் நேவிதான், ஆனால் இன்றைக்கு முக்கியது வேறு, நாளைக்கு முக்கியது வேறு. ஒரு சட்டையின் உடம்பும் கையும் ஒரே லாட்டில் வெட்ட வேண்டும். காகிதத்தில் மேல்வரி என்றைக்கும் மேலேயே இருக்கும். கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. யாராவது எடை வாரியாக அடுக்கினால் வரிகள் இடம் மாறிவிடும். இரண்டு கோடு மட்டும், யாருக்கு மேற்படி என்று தெரியாமல், புது இடத்தில் போய் நிற்கும். போன வருடம் ஒரு பையரிடமிருந்து, உடம்பு ஒரு நீலம் கை ஒரு நீலம் என்று புகார் வந்தது. வருத்தம் தெரிவித்து மூன்று கடிதம் எழுதினேன். மூன்றிலும் காரணம் எழுத முடியவில்லை, ஏனென்றால் எங்கள் யாருக்கும் தெரியாது. இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பட்டியலை அவள் முதலாளியிடம் கொண்டுபோயிருக்கலாம். போயிருந்தால் நல்ல பெயர் கிடைத்திருக்கும், செல்வக்குமாருக்குத் திட்டு கிடைத்திருக்கும். அவள் நேராக ஸ்டோருக்குப் போய்ச் செல்வக்குமாரின் பக்கத்தில் ஒரு முழுநாள் உட்கார்ந்தாள். அவரும் மறைக்காமல் சொன்னார். லாட் எழுதிய அட்டை பாலித்தீனுக்கு உள்ளே ரோலின் நுனியில் இருக்கும். ஒரு வண்டியில் நாற்பது ரோல் இறங்கும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் வண்டிக்காரன் கத்துவான். அதனால் ஒன்றைப் பார்ப்பார், மற்றதெல்லாம் மேற்படி.

அதற்குப் பிறகுதான் நதியா ப்ரொசீஜரை மாற்றி எழுதினாள். ப்ரொசீஜர் என்றால், எனக்குப் புரிந்தவரையில், தரவுகள் இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன நிரல். ஸ்டோர் திரையில் தட்டினாலும், போனில் தட்டினாலும், எக்செல் தாளாக மொத்தமாக ஏற்றினாலும், அதைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். திரையில் மட்டும் சோதனை வைத்தால் மற்ற இரண்டு வழியிலும் நுழைந்துவிடுவார்கள் என்றாள். பழைய ப்ரொசீஜர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: காலியா, காலி இல்லையா? இரண்டு கோடு காலி இல்லை. உள்ளே விட்டுவிட்டது.

புதியது அப்படி விடாது. ரோல் எண், லாட், நிறம் என்று மூன்று விவரங்களை வாங்கிக்கொள்ளும். சாயப்பட்டறை துணியோடு அனுப்பிய சலானோடு ஒப்பிடும். அந்த லாட் சலானில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காது. அந்த ரோலுக்கு அந்த லாட்தானா, அந்த லாட்டுக்கு அந்த நிறம்தானா என்றும் பார்க்கும். தனித்தனியே பார்த்தால் எல்லாமே சரியாக இருக்கும், சேர்த்துப் பார்த்தால்தான் தப்பு தெரியும் என்று அவள் விளக்கியபோது எனக்கு நான் படித்த கொமரலிங்கம் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நானும் பக்கத்துப் பெஞ்சு மாரக்காளும் ஹால் டிக்கெட்டை ஒரே பையில் போட்டு எடுத்துப்போய், மாற்றி எடுத்துக்கொண்டோம். கண்காணிப்பாளர் "எல்லார்கிட்டயும் இருக்குதா?" என்றார். எல்லோரும் தூக்கிக் காட்டினோம். இரண்டும் உண்மையான ஹால் டிக்கெட்தான், இரண்டு பேரும் உண்மையான மாணவிகள்தான். மறுநாள் வந்த டீச்சர் படத்தையும் முகத்தையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டோம். நதியாவிடம் இதைச் சொன்னேன். "அந்த ரெண்டாவது நாள் டீச்சர் மாதிரிதான்க்கா" என்றாள்.

தப்பு வந்தால் திரையில் என்ன காட்ட வேண்டும் என்று எழுதிக்கொண்டு வந்து, தமிழ் சரியா என்று கேட்டாள். ரோல் இத்தனைக்கு நீங்கள் கொடுத்த லாட் இது, சலானில் உள்ள லாட் இது, ரோலின் அட்டையைப் பார்த்து மறுபடி கொடுக்கவும் என்று இருந்தது. நான் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. எது, என்ன வித்தியாசம், இனி என்ன செய்ய வேண்டும், எல்லாம் ஒரே வரியில். இருபத்திரண்டு வருடத்தில் என்னுடைய எத்தனை கடிதங்கள் அப்படி அமைந்திருக்கும் என்று யோசித்தேன். கொஞ்சம்தான்.

இனி கூட்டத்துக்கு வருகிறேன்.

முதலாளி சொல்லி முடித்ததும் சென்னியப்பன் தன் போனை நீட்டினார். முந்தின நாள் திரையில் வந்ததைப் படம் எடுத்து வைத்திருந்தார்.

"நானே படிக்கிறனுங்க. 'நீங்கள் கொடுத்த லாட் K417. சலானில் உள்ள லாட் K417.' நானூத்திப் பதினேழுக்கும் நானூத்திப் பதினேழுக்கும் என்ன வித்தியாசமுங்க அம்மிணி? முப்பது வருசமா துணி வெட்டறேன், எனக்குத் தெரியலைங்க."

செல்வக்குமார் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளியே லேசாகச் சிரித்தார். வெள்ளைப் பேனா மூடியை மேசையில் தட்டிக்கொண்டு நதியாவைப் பார்த்தார்.

நதியாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அது என் தப்புதான் சார். பட்டறைல சலான் அடிக்கிற ஆள் புதுசு. லாட் நம்பருக்கு முன்னால ஒரு எடம் விட்டு அடிச்சிருக்காரு. கண்ணுக்குத் தெரியாது. நான் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடச் சொல்லி எழுதியிருந்தேன், அதனால வேறன்னு சொல்லிருச்சு. வெளியேருந்து வர்றத அப்படியே எடுத்துக்கிட்டிருக்கக் கூடாது. காலைல ஏழரைக்கே வந்து சரி பண்ணிட்டேன். அந்த ஏழு ரோலத் தனியாக் குடுத்தா இப்ப எறங்கும்."

பட்டறை ஆளின் மேல் அந்தப் பழியைப் போட்டிருந்தால் அந்த அறையில் யாரும் மறுத்திருக்க மாட்டோம். வேலை போகிற நேரத்தில், கேட்பதற்கு முன்னாலேயே என் தப்பு என்று சொல்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. குறிப்பு நோட்டில் 'தவறு ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று எழுதினேன். அந்த வார்த்தை போதவில்லை.

முதலாளி பெருமூச்சு விட்டார். தப்பு நடந்துவிட்டது, சரி, இனிமேலும் நடக்கும், அதனால் அடுத்த புதன்கிழமைவரைக்கும் சோதனையே வேண்டாம் என்பது அவர் பேச்சின் சாரம். அதில் நியாயமும் இருந்தது.

"எடுக்க மாட்டேன் சார்" என்றாள் நதியா. "ஏழுதான் என் தப்பு. பாக்கி நாலு ரோல் இன்னமும் நிக்குது. அந்த நாலும் வேற."

சென்னியப்பனின் படத்தில் முதல் வரி மட்டும்தான் எல்லோரும் படித்தது. கீழே இறங்கிப் படித்தால், ரோல் 52, 55, 56, 60 ஆகிய நான்குக்கும் கொடுத்த லாட் K417 என்றும், சலானில் உள்ள லாட் K419 என்றும் இருந்தது. மேலே ஏழு வரி அபத்தமாக இருந்ததால் கீழே இருந்ததை யாரும் நம்பவில்லை.

செல்வக்குமார் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு கோடு தட்டினால் இப்போது ஏற்பதில்லை என்பதால், மேல்வரியில் இருந்த நம்பரையே பதினொரு தடவையும் தட்டியிருக்கிறார். கோடு போனது, மேற்படி போகவில்லை.

சென்னியப்பன் விடவில்லை. லாட் வேறாக இருக்கட்டும், துணி ஒன்றுதான், பதினொன்றையும் வெயிலில் பிரித்து விரலால் நீவிப் பார்த்தேன், ஒரே நேவி என்றார். அவர் சொன்னால் எங்கள் கம்பெனியில் அதற்கு மேல் பேச்சில்லை. நிறத்தை அவர் கண்ணால் சொன்னதைப் பட்டறைக்காரர்களே மறுத்ததில்லை. முதலாளி நதியாவைப் பார்த்தார்.

"மாஸ்டர், கலர் எனக்குத் தெரியாது. ரோல் நம்பரும் லாட் நம்பரும் பொருந்தலன்னு மட்டும்தான் சொல்லுதேன். கலரு ஒண்ணா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும். சொன்னா ஒத்துக்கிடுதேன்."

பதற்றத்தில் சாத்தூர்ப் பேச்சு வெளியே வந்துவிட்டது. சென்னியப்பன் ஸ்டூலிலிருந்து எழுந்து, வாங்க போலாம் என்றார்.

ஐந்து பேரும் கீழே இறங்கினோம். செல்வக்குமார் 52-ஆம் ரோலின் பாலித்தீனைக் கிழித்து அட்டையை வெளியே இழுத்தார். K419. மற்ற மூன்றிலும் அதேதான். முதல் லாட்டில் எடை குறைந்ததற்கு ஈடாகப் பட்டறையில் பிறகு முக்கி அனுப்பியவை போலிருக்கிறது. முதலாளி அதற்கும் அசையவில்லை. நம்பரைக் கட்டிக்கொண்டு நான் என்ன பண்ணுவது, துணியைச் சொல்லுங்க என்றார். அவர் சொன்னதும் சரிதான். நிறம் ஒன்றாக இருந்துவிட்டால், கண்டெய்னர் நேரத்தில் நம்பருக்காக மேசையை நிறுத்திய பெண் என்றுதான் நதியாவுக்குப் பெயர் மிஞ்சும்.

சென்னியப்பன் பதினொரு ரோலிலும் உள்ளங்கை அகலம் வெட்டி, லைட் பாக்ஸுக்குள் வரிசையாக வைத்தார். சாம்பல் பூசிய பெட்டி அது. உள்ளே இரண்டு விதமான விளக்குகள் உண்டு: ஒன்று பகல் வெளிச்சம், இன்னொன்று வெளிநாட்டுக் கடைகளில் எரிகிற விளக்கு. முதல் சுவிட்சைப் போட்டார். பதினொன்றும் ஒரே நீலம். என் கண்ணுக்கு ஒரு நூல் வித்தியாசம் தெரியவில்லை.

"பாத்துக்குங்க" என்றார் முதலாளியிடம். முகத்தில் சின்ன வெற்றி. முதலாளி தலையாட்டிவிட்டுத் திரும்பவே தொடங்கிவிட்டார். நதியா துணியைப் பார்க்கவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

சென்னியப்பன் அத்தோடு விளக்கை அணைத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டோம். அவர் இரண்டாவது சுவிட்சையும் போட்டார்.

நான்கு துண்டுகள் தனியே விலகி நின்றன. ஏழு நீலமாகவே இருக்க, அந்த நான்கில் மட்டும் நாவல்பழம் போல ஒரு சிவப்பு ஏறியிருந்தது. அவர் விளக்கை மாற்றினார். ஒன்றாகிவிட்டன. மறுபடி மாற்றினார். பிரிந்துவிட்டன. மூன்று தடவை அப்படிச் செய்தார். பிறகு நான்கு துண்டையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் அவரே மார்க்கரில் எழுதியிருந்தார்: 52, 55, 56, 60.

"முதலாளி" என்றார். "வெயில்ல பாத்தனுங்க. கடை வெளக்குல பாக்கலீங்க. அந்த அவசரம். இத வெட்டியிருந்தா கை ஒரு நேவி, ஒடம்பு ஒரு நேவி. போன வருசக் கதைதானுங்க."

முதலாளி பெட்டிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

சென்னியப்பன் நதியாவிடம் திரும்பினார். அதே கேலிக் குரல், ஆனால் வேறு மாதிரி. "அம்மிணி, நான் அடிச்சாலும் நிறுத்துமுங்களா அது?"

"யாரு அடிச்சாலும் நிறுத்தும், மாஸ்டர்."

"நிறுத்தட்டும். ஆனா ஒண்ணு கேட்டுக்கறனுங்க. ஒரு ரோலு தப்புன்னா ஒரு ரோல நிறுத்தோணும். எதுக்குங்க பதினொண்ணையும் நிறுத்தறது? ரெண்டேகா மணி நேரம் எங்காளுக டீ குடிச்சே வயிறு உப்பீட்டாங்க."

நதியா லேப்டாப்பைத் திறந்து அங்கேயே, கட்டிங் மேசையின் ஓரத்தில், நின்றவாக்கில் குறித்துக்கொண்டாள். நேற்று ஏழு நின்றது அந்த இடைவெளியால்தான், ஆனால் மொத்தமாகக் கொடுத்தால் மொத்தமாகத் திருப்பி அனுப்புகிற மாதிரியும் எழுதியிருந்தேன், அது சரியில்லை, பொருந்தியதை இறக்கிவிட்டுப் பொருந்தாததை மட்டும் தனிப் பட்டியலில் நிறுத்துகிறேன், மதியத்துக்குள் செய்துவிடலாம் என்றாள். செல்வக்குமார் தயங்கித் தயங்கி, அட்டையைப் பாலித்தீனுக்கு வெளியே கட்டச் சொன்னால் தனக்கு ரொம்ப உதவியாக இருக்கும் என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் கேட்ட முதல் கோரிக்கை அது என்று நினைக்கிறேன்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஏழு ரோலை இப்போதே மேசையில் ஏற்றச் சொன்னார். நான்கு ரோலையும் வீரபாண்டியில் இருக்கும் சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்பி, நிறத்தைத் திருத்திச் சனிக்கிழமை மாலைக்குள் கொடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதச் சொன்னார். பட்டறைக்காரருக்கு மெயில் அனுப்பினால் போதாது. இரண்டு லாட் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் குத்தி அனுப்பினால்தான் பேச முடியும். லாட் நம்பருக்கு முன்னால் இடம் விடக்கூடாது என்றும் எழுதட்டுமா என்று கேட்டேன். நதியா வேண்டாம் என்றாள். அவர்கள் எப்படி அனுப்பினாலும் நம் பக்கத்தில் சரி செய்துகொள்ளலாம், அவர்களிடம் கேட்க வேண்டியது துணியும் அட்டையும் மட்டும்தான் என்றாள். கடிதத்தில் எதை எழுதக் கூடாது என்று தெரிந்தவர்களை எனக்குப் பிடிக்கும்.

"கையெழுத்து நான் போடலீங்க" என்றார் முதலாளி. "அந்தம்மிணியே போடட்டும். பட்டறைக்காரன் ஏதாச்சுங் கேட்டா அதுதானுங்க பதில் சொல்லோணும்."

பெயருக்குக் கீழே பதவி என்ன போடுவது என்று கேட்டேன். பயிற்சி என்று போட்டுத்தான் அதுவரை எல்லாத் தாளிலும் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் படியேறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"தரவுப் பிரிவு பொறுப்புன்னு போடுங்க. பயிற்சி கியிற்சியெல்லாம் வேண்டாமுங்க. இந்த மாசமே வேலை நிரந்தர ஆர்டர் அடிச்சுருங்க."

நதியா அதைக் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துப் படிக்குக் கீழே போய் நின்று யாரிடமோ பேசினாள். "எம்மா, ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

கடிதத்தை ஒன்றேகால் மணிக்கு முடித்தேன். ரோல் எண் நான்கு, சலான் எண், பொருந்த வேண்டிய லாட், வந்திருக்கும் லாட், கடை விளக்கில் காணப்பட்ட வித்தியாசம், வேண்டிய திருத்தம், வேண்டிய தேதி, இனி அட்டையைப் பாலித்தீனுக்கு வெளியே கட்ட வேண்டும் என்ற வேண்டுகோள். இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கியது. நதியா இரண்டு முறை படித்தாள். ரோல் எண்களைப் போனில் இருந்த பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். முழுப்பெயரையும் தமிழில் எழுதினாள்.

K417-இல் நான்கு, K419-இல் நான்கு என்று எட்டுத் துண்டுத் துணியையும் ஜோடி ஜோடியாகக் கீழே குத்தினேன். மூன்றாக மடித்துப் பழுப்பு உறையில் போட்டு, ஓரத்துக்குப் பசை தடவி, விரலால் அழுத்தி, ஒட்டிய இடத்தின் மேல் கம்பெனி முத்திரையை வைத்தேன். நான்கு ரோலையும் ஏற்றிக்கொண்டு வேன் தயாராக நின்றது. டிரைவர் ராமர் கையை நீட்டினார். உறையை வாங்கிச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தார். மணி ஒன்று நாற்பது.